ஒன் லாப் ஆஃப் அமெரிக்கா: கலந்துகொள்ள விரும்புவோர் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

அமெரிக்காவில் ஆண்டுதோறும் மே மாதத் தொடக்கத்தில் நடைபெறும் ‘ஒன் லாப் ஆஃப் அமெரிக்கா’ கார்ப் போட்டிக்குத் துணை ஓட்டுநராகச் சென்று வந்ததிலிருந்து, இங்கு வாழும் தமிழ் நண்பர்கள் ஒரே வகையான ஐயங்களைத் தொடர்ந்து கேட்டு வருகிறார்கள். அவற்றை அவர்கள் கேட்ட விதத்திலேயே, எளியவற்றில் தொடங்கிச் சிக்கலானவை வரை கீழே தொகுத்திருக்கிறேன். விதிகள் ஆண்டுக்கு ஆண்டு திருத்தப்படுகின்றன. ஆகவே பதிவு செய்யும் முன் அந்த ஆண்டின் விதிநூலை முழுவதுமாகப் படித்துவிடுங்கள்.

1. இது ரேஸா, ராலியா, இல்லை கூட்டமாகச் சேர்ந்து ஊர் சுற்றுவதா?

மூன்றும் இல்லை. பகலில் ஒரு பந்தயத் தடத்தில் நேரம் கணக்கிட்டு ஓட்டுவீர்கள். பிறகு அதே காரில், அதே டயர்களில், பொதுச் சாலை வழியாக அடுத்த தடம் இருக்கும் ஊருக்குப் போவீர்கள். ஏறக்குறைய எட்டு நாள்கள் இப்படியே நடக்கும். மொத்தத் தூரம் பெரும்பாலும் 3,000 மைலைத் தாண்டும். புள்ளிகள் தடத்தில் எடுத்த நேரத்துக்கு மட்டுமே கிடைக்கும். சாலைப் பயணத்துக்குப் புள்ளி எதுவும் இல்லை.

காரை டிரெய்லரில் ஏற்றிச் செல்லக் கூடாது என்பதும், உதிரிப் பாகங்களுடன் பின்னால் வரும் உதவி வண்டி கூடாது என்பதும்தான் இப்போட்டியின் உயிர். பகலில் நீங்கள் வதைக்கும் கார்தான் இரவில் உங்களைச் சுமந்து செல்ல வேண்டும். இப்பக்கத்தில் உள்ள ஏறத்தாழ எல்லா விடைகளும் அந்த ஒரு கட்டுப்பாட்டிலிருந்தே பிறக்கின்றன.

2. ‘கேனன்பால்’ ஓட்டத்துக்கும் இதற்கும் ஏதோ தொடர்பு என்கிறார்களே?

இரண்டையும் தொடங்கியவர் ஒருவரே: மோட்டார் இதழாளர் பிராக் யேட்ஸ். நியூயார்க்கிலிருந்து கலிஃபோர்னியாவின் ரெடோண்டோ பீச் வரை, அனுமதி எதுவும் பெறாமல், யார் விரைவில் சேர்கிறார் என்று பார்க்கும் ஓட்டமாகக் கேனன்பால் 1971இல் தொடங்கியது. அந்த ஆண்டின் நவம்பரில் யேட்ஸும், 1967இல் லெ மான் பந்தயத்தை வென்றிருந்த டான் கர்னியும் ஒரு ஃபெராரி டேட்டோனாவில் 35 மணி 54 நிமிடத்தில் சென்று சேர்ந்தார்கள். 1979உடன் அந்த ஓட்டம் நின்றது. சட்டத்துக்கு உட்பட்ட மாற்றாக 1984இல் ஒன் லாப் வந்தது. முதலில் அது குறித்த நேரத்தில் குறித்த இடத்தை அடையும் நீண்ட ராலியாக இருந்தது. பின்னர்தான் தட ஓட்டங்கள் அதன் மையமாயின. யேட்ஸ் 2016இல் மறைந்தார். இப்போது அவருடைய மகன் இதை நடத்தி வருகிறார்.

கேனன்பாலின் கவர்ச்சியை மனத்தில் வைத்துக்கொண்டு இதில் சேர நினைப்பவர்கள் 14ஆம் கேள்வியை முதலில் படிப்பது நல்லது.

3. ஒரு நாள் எப்படிப் போகும்?

போட்டி பல ஆண்டுகளாக இண்டியானா மாநிலத்தின் சௌத் பெண்ட் நகரில், டயர் விற்கும் ‘டயர் ராக்’ நிறுவன வளாகத்தில் தொடங்கி அங்கேயே முடிகிறது. தொடக்கத்தில் நீர் தெளித்த வட்டத்தளத்தில் டயரின் பிடிமானத்தை அளக்கும் ஒரு சோதனை, முடிவில் உலர்ந்த வட்டத்தளத்தில் ஒரு சோதனை. இடைப்பட்ட நாள்களில் தடங்கள் வரும். அவற்றின் பட்டியல் ஆண்டுதோறும் மாறும். விஸ்கான்சினின் ரோடு அமெரிக்கா, ஒஹாயோவின் மிட்-ஒஹாயோ, வர்ஜீனியா இன்டர்நேஷனல் ரேஸ்வே, மிச்சிகனின் ஜிஞ்சர்மேன், கென்டக்கியின் என்சிஎம் மோட்டார்ஸ்போர்ட்ஸ் பார்க் போன்றவை பல ஆண்டுகளில் இடம்பெற்றுள்ளன.

வழக்கமான நாளில் காலை ஓட்டுநர் கூட்டம் முடிந்ததும் ஓட்டங்கள் தொடங்கும். பொதுவாக ஒரு சுற்று தடத்தைப் பார்த்துக்கொள்வதற்கு. அதன்பின் நின்ற நிலையிலிருந்து புறப்பட்டு மூன்று சுற்றுகள் ஓட்ட வேண்டும். அம்மூன்றின் கூட்டு நேரமே உங்கள் கணக்கு. பிற்பகலில் இன்னோர் ஓட்டம் இருக்கும். அது முடிந்தவுடன் சாமான்களை ஏற்றிக்கொண்டு 300 முதல் 600 மைல் வரை பயணம். நள்ளிரவிலோ அதற்குப் பின்னோ விடுதியை அடைந்து, விடிந்ததும் மீண்டும் தடத்தில் நிற்க வேண்டும். வழியில் நேர மண்டலம் மாறும் என்பதையும் திட்டத்தில் சேர்த்துக்கொள்ளுங்கள். கிழக்கு நோக்கிச் செல்லும் இரவில் ஒரு மணி நேரத் தூக்கம் பறிபோகும்.

4. தினமும் ஆபீஸுக்கு ஓட்டும் கார் போதுமா? போர்ஷே இருந்தால்தான் முடியுமா?

போதும். கார்கள் வகை வகையாகப் பிரிக்கப்படுவதால் சிறிய ஹேட்ச்பேக், குடும்பக் கார், பழைய கார் என எல்லாமே வருகின்றன. ஒட்டுமொத்தப் பட்டியலின் உச்சியில் போர்ஷே, கார்வெட், நிசான் ஜிடி-ஆர் போன்றவை இருப்பது இயல்பே. ஆனால் முதல் முறை செல்பவருக்குக் குதிரைத்திறனைவிடக் குளிர்ச்சி முக்கியம்: எஞ்சின் ஆயில், கூலன்ட், கியர்பாக்ஸ், பிரேக் ஆகிய நான்கின் வெப்பமும் மூன்று முழுவேகச் சுற்றுகளுக்குக் கட்டுக்குள் இருக்கும் கார் எதுவோ அதுவே நல்ல கார்.

புதிதாக டர்போ மாற்றி, கணினி நிரலை மாற்றி, அதை மே மாதத்தில் முதன்முதலாக ஓட்டிப் பார்க்கும் திட்டத்தை நான் கடுமையாக எதிர்க்கிறேன். கடைசி மாதத்தில் காரில் செய்த எந்த மாற்றமும் சோதிக்கப்படாத மாற்றம் என்றே கருத வேண்டும்.

5. டிராக்கில் ஒரு தடவைகூட ஓட்டியதில்லை. நேராக இதற்கே போகலாமா?

போகக் கூடாது. இங்குப் பயிற்றுநர் பக்கத்தில் அமர்ந்து சொல்லித் தருவதில்லை. பயிற்சிச் சுற்றும் கிடையாது. பல கார் மன்றங்கள் வார இறுதிகளில் தடப் பயிற்சி நடத்துகின்றன. அவற்றில் சில முறை கலந்துகொண்டு கொடிகளின் பொருள், முந்தவிடும் முறை, பிரேக்கை முழுதாக மிதிக்கும் துணிவு ஆகியவற்றைப் பழகிக்கொண்ட பிறகு வாருங்கள். மழையில் ஒரு நாளாவது ஓட்டியிருந்தால் இன்னும் நல்லது.

6. எட்டு நாளுக்கும் ஒரே செட் டயரா? எதை வாங்குவது?

ஆம், ஒரே செட்தான். சாலைக்கு அனுமதிக்கப்பட்ட டயராக இருக்க வேண்டும். அண்மை ஆண்டுகளின் விதிப்படி, பக்கச்சுவரில் அச்சிட்டிருக்கும் தேய்மான எண் 200க்குக் குறையக் கூடாது. அந்த எண் கூடக்கூட டயர் நீண்ட நாள் உழைக்கும், பிடிமானம் பொதுவாகக் குறையும். எண்ணைத் தயாரிப்பாளரே அறிவிப்பதால், 200 என்று அச்சிட்ட இரு டயர்கள் ஒன்றுபோல் நடந்துகொள்ளும் என்று நம்ப வேண்டாம்.

யோகோஹாமா அட்வான் ஏ052, பிரிட்ஜ்ஸ்டோன் பொட்டென்சா ஆர்இ-71ஆர்எஸ் போன்ற 200 எண் டயர்கள் உலர்ந்த தடத்தில் அபாரமாகப் பிடிக்கும். ஆனால் தடத்தில் தேய்ந்த அதே டயரில் நீங்கள் நள்ளிரவு மழையில் நெடுஞ்சாலையில் போக வேண்டியிருக்கும். பள்ளம் குறைந்த அகல டயர் தேங்கிய நீரின்மேல் மிதக்கத் தொடங்கும் வேகம் நீங்கள் நினைப்பதைவிடக் குறைவு. ஆகவே முதல் முறை வருபவருக்கு மிஷலின் பைலட் ஸ்போர்ட் 4எஸ் போல 300 எண் கொண்ட சாலை டயரையே பரிந்துரைப்பேன். ஒரு சுற்றுக்குச் சில விநாடிகளை இழப்பீர்கள். ஆனால் கடைசி நாள்வரை பள்ளம் இருக்கும்.

7. பிரேக் விஷயத்தில் ஏன் எல்லாரும் இவ்வளவு பயமுறுத்துகிறார்கள்?

காரின் இயக்க ஆற்றல் வேகத்தின் இருமடிக்கு ஏற்பக் கூடுகிறது. 60 மைல் வேகத்திலிருந்து நிறுத்தும்போது உண்டாகும் வெப்பத்தைப்போல் நான்கு மடங்கு வெப்பம் 120 மைல் வேகத்திலிருந்து நிறுத்தும்போது உண்டாகும். ரோடு அமெரிக்கா 4.048 மைல் நீளமுள்ள தடம். அதன் மூன்று நீண்ட நேர்ப்பாதைகளின் முடிவில் வரும் 1, 5, 12ஆம் திருப்பங்களில் இந்த வெப்பம் முழுவதும் பிரேக் தட்டுகளில்தான் இறங்கும்.

பிரேக் இரண்டு விதமாகக் கைவிடும், அவற்றைப் பிரித்தறியப் பழகுங்கள். பெடல் கெட்டியாக இருந்தும் கார் நிற்க மறுத்தால், பிரேக் தட்டை அழுத்திப் பிடிக்கும் பேட் தன் வெப்ப எல்லையைக் கடந்துவிட்டது. பெடல் மெத்தென்று உள்ளே போனால், பிரேக் ஆயில் கொதித்துக் குமிழி கட்டிவிட்டது. இரண்டாவது மிக ஆபத்தானது. டாட் 4 தர ஆயிலின் குறைந்தபட்சக் கொதிநிலை புதிதாக இருக்கையில் 230 டிகிரி செல்சியஸ். ஈரம் உறிஞ்சியபின் அது 155 டிகிரிவரை இறங்கிவிடலாம். பந்தயத்துக்கான ஆயில்கள் புதிதாக இருக்கையில் 300 டிகிரியைத் தாண்டும். புறப்படுமுன் பழைய ஆயிலை முழுவதும் வெளியேற்றிப் புதியதை நிரப்புவது, செலவழிக்கும் பணத்துக்கு மிகுந்த பாதுகாப்பைத் தரும் வேலை.

பேட் தேர்வில் சமரசம் தேவை. முழுப் பந்தய பேட், குளிர்ந்த நிலையில் சரியாகப் பிடிக்காது. நெடுஞ்சாலையில் பல மைல் பிரேக் மிதிக்காமல் சென்றபின் முன்னால் மான் குறுக்கிட்டால் அது பெரும் குறை. சாதாரண பேட் தடத்தில் தாங்காது. சாலைக்கும் தடத்துக்கும் பொதுவாகச் செய்யப்பட்ட பேடைப் பொருத்திக்கொண்டு, முன் சக்கரங்களுக்கு இன்னொரு ஜோடியைக் கையோடு எடுத்துச் செல்லுங்கள். ஓட்டம் முடிந்து வந்ததும் கைபிரேக் போடாதீர்கள். சூடான தட்டை பேட் ஒரே இடத்தில் கவ்வி நிற்கும். கியரில் விட்டு, சக்கரத்துக்குக் கட்டை வைத்தால் போதும்.

8. டயரில் காற்று எவ்வளவு வைப்பது?

காருக்கும் டயருக்கும் ஏற்ப மாறுவதால் எண் சொல்வது தவறாகும். தடத்தில் மூன்று சுற்று ஓடினாலே அழுத்தம் கணிசமாக ஏறும் என்பதால் பலர் ஓட்டத்துக்கு முன் காற்றைக் குறைப்பார்கள். சாலைக்குத் திரும்பும்போது கார்க் கதவுச் சட்டத்தில் எழுதியிருக்கும் அளவுக்கு மீண்டும் நிரப்ப வேண்டும், ஏனெனில் சாமான் ஏற்றிய காரைக் குறைந்த காற்றில் மணிக்கணக்கில் ஓட்டினால் டயர் உள்ளுக்குள் சூடேறிச் சிதையும். ஒரு சிறு மின் பம்பும் நம்பகமான அளவியும் கட்டாயம் வேண்டும்.

9. என்னென்ன எடுத்துப் போக வேண்டும்?

உடனே தோன்றும் விடை ‘எல்லாவற்றையும்’ என்பது. ஆனால் ஒவ்வொரு தட ஓட்டத்துக்கும் முன் காரில் தளர்வாக உள்ள அனைத்தையும் தரையில் இறக்கி, ஓட்டம் முடிந்தபின் மீண்டும் ஏற்ற வேண்டும். ஒரு நாளைக்கு இருமுறைகூட இது நடக்கும், சில வேளை மழையில். மூடியுள்ள இரண்டு பிளாஸ்டிக் பெட்டிகள், ஒரு தார்ப்பாய், ஆளுக்கொரு மென்மையான பை. இதற்குமேல் போனால் ஒவ்வொரு நாளும் வருந்துவீர்கள்.

பெட்டிக்குள் முதலில் போக வேண்டியவை: தாழ்வான ஜாக்கி, நட்டை அளவான விசையில் முறுக்கும் டார்க் ரெஞ்ச், முன் பேடுகள், திறக்காத பிரேக் ஆயில், எஞ்சின் ஆயில், கூலன்ட், பஞ்சர் ஒட்டும் கருவி, உருகிகள், கம்பி, வலுவான ஒட்டுநாடா, கையுறை, தலையில் மாட்டும் விளக்கு. சக்கர நட்டுகளை ஒவ்வொரு ஓட்டத்துக்கு முன்னும், சாலைப் பயணத்துக்கு முன்னும் டார்க் ரெஞ்ச் வைத்துச் சரிபாருங்கள். உங்கள் காரில் ஸ்டெப்னி இல்லையென்றால் பஞ்சர் கருவியைப் பயன்படுத்த வீட்டிலேயே பழகிக்கொள்ளுங்கள்.

10. பைக் ஹெல்மெட் இருக்கிறதே, அது ஆகாதா?

ஆகாது. ஹெல்மெட்டுகளைச் சோதித்துச் சான்றளிக்கும் ஸ்னெல் அமைப்பின் ‘எஸ்ஏ’ சான்று பெற்ற ஹெல்மெட்டை வாங்குங்கள். கார்ப் பந்தயத்துக்கான அச்சான்றில் தீ எதிர்ப்புச் சோதனையும், காருக்குள் பொருத்தும் பாதுகாப்புக் கம்பியில் தலை மோதுவதை ஒத்த சோதனையும் உண்டு. பைக்குக்கான ‘எம்’ சான்றில் அவை இல்லை. எந்த ஆண்டின் சான்றுவரை ஏற்பார்கள் என்பதை விதிநூலில் பாருங்கள். கண்ணாடி அணிபவர்கள் கண்ணாடியுடனேயே போட்டுப் பார்த்து வாங்க வேண்டும்.

11. முன்பின் பார்க்காத தடத்தில், பயிற்சியே இல்லாமல், எப்படி வேகமாக ஓட்டுவது?

இதுதான் இப்போட்டியின் மிக அழகான கடினம். தடம் தெரிந்தவர் உங்களைவிட விரைவாக ஓட்டுவார் என்பதை ஏற்றுக்கொண்டு, தெரியாதவர்களுள் சிறந்தவராக இருக்க முயலுங்கள். உங்கள் காரை ஒத்த காரில் எடுத்த காணொளிகளைப் பார்த்து, திருப்பங்களின் வரிசையைத் தாளில் நினைவிலிருந்து வரையும் அளவுக்கு மனத்தில் ஏற்றுங்கள். வீட்டில் ஓட்டுப் பொறி (சிமுலேட்டர்) வைத்திருப்பவர்களுக்கு அதுவும் உதவும். ஆனால் ஏற்ற இறக்கத்தைத் திரை சரியாகக் காட்டாது. வர்ஜீனியா இன்டர்நேஷனலில் மேட்டின்மீது ஏறும் தொடர் வளைவுகளை நேரில் பார்க்கும்போது, திரையில் கண்ட தடம்தானா இது என்று திகைப்பு வரும்.

பார்வைச் சுற்றில் வேகத்தை மறந்துவிட்டு மூன்றை மட்டும் தேடுங்கள்: நீண்ட நேர்ப்பாதை ஒவ்வொன்றின் முடிவிலும் பிரேக் தொடங்க ஓர் அடையாளம், மறைவான திருப்பங்களில் கண் வைக்க வேண்டிய ஒரு பொருள், கொடி காட்டுபவர்கள் நிற்கும் இடங்கள். முதல் கணக்குச் சுற்றில் டயரும் குளிர்ந்திருக்கும், உங்கள் கணிப்பும் முதிர்ந்திருக்காது. எனவே முன்கூட்டியே பிரேக் பிடியுங்கள். இரண்டாவது, மூன்றாவது சுற்றுகளில் பிரேக் புள்ளியைச் சிறிது சிறிதாகத் தள்ளலாம். ஒரு முறை புல்லுக்குள் போனால் இழக்கும் நேரத்தை, ஐந்து திருப்பங்களில் துணிந்தாலும் மீட்க முடியாது. கூட்டு நேரமே கணக்கு என்று 3ஆம் கேள்வியில் சொன்னதன் விளைவு இது.

12. மழை வந்தால் ஓட்டத்தை நிறுத்திவிடுவார்களா?

மின்னல் இருந்தால் நிறுத்தி வைப்பார்கள். மழைக்காக மட்டும் நிறுத்த மாட்டார்கள். உலர்ந்த நாளில் எல்லாரும் செல்லும் பாதை ரப்பர் படிந்து மெருகேறியிருப்பதால் மழையில் அதுவே மிகவும் வழுக்கும். மிட்-ஒஹாயோ இதற்குப் பேர்போனது. அங்கே வழக்கமான பாதைக்கு வெளியே சொரசொரப்பான பகுதியைத் தேடி ஓட்டுங்கள். காலையில் ஒரு குழு உலர்ந்த தடத்திலும் அடுத்த குழு நனைந்த தடத்திலும் ஓட நேர்வதும் உண்டு. அது அநியாயமாகத் தோன்றும். ஆனால் பல ஓட்டங்களின் கூட்டில் ஓரளவு சமமாகிவிடும்.

13. பகலெல்லாம் டிராக்கில் ஓட்டிவிட்டு ராத்திரி யார் கார் ஓட்டுவது?

அன்று தடத்தில் ஓட்டாதவர். இருவராகச் செல்லும் குழுவுக்கு இதைவிட நல்ல விதி எனக்குத் தெரியாது. தொடர்ந்து 17 மணி நேரம் விழித்திருப்பவரின் எதிர்வினை, இரத்தத்தில் 0.05 விழுக்காடு மது உள்ளவரின் எதிர்வினையை ஒத்துவிடுகிறது என்று ஆய்வுகள் காட்டியுள்ளன. காலை ஆறு மணிக்கு எழுந்தவர் இரவு பதினொரு மணிக்கு அந்த நிலையை அடைந்துவிடுகிறார், அப்போது இன்னும் 200 மைல் பாக்கி இருக்கக்கூடும். இப்போட்டியில் நான் அஞ்சுவது தடத்தை அல்ல, அந்த 200 மைலைத்தான்.

ஆகவே தடத்தில் தன் பங்கை முடித்தவர் உண்டுவிட்டு உடனே தூங்கத் தொடங்க வேண்டும். கண் செருகினால் சாலையோர ஓய்விடத்தில் நிறுத்தி இருவரும் உறங்குங்கள். மறுநாள் காலை ஓட்டத்தைத் தவறவிட்டாலும் பரவாயில்லை என்று புறப்படும் முன்பே இருவரும் ஒப்புக்கொள்ளுங்கள். நடு இரவில், சோர்வில், அந்த முடிவை எடுக்க மனம் வராது.

14. ஹைவேயில் கொஞ்சம் அழுத்தினால் தூங்க நேரம் கிடைக்குமே?

கணக்குப் போட்டுப் பாருங்கள். 400 மைலை 70 மைல் வேகத்தில் கடக்க 5 மணி 43 நிமிடம். 85 மைல் வேகத்தில் 4 மணி 42 நிமிடம். ஒரு மணி நேரம் மிச்சமாவதுபோல் தெரியும். கூடுதல் பெட்ரோலுக்காக ஒரு முறை நின்றால் அதில் ஒரு பகுதி போகும், போலீஸ் ஒரு முறை நிறுத்தினால் பெரும்பகுதியும் போகும்.

வர்ஜீனியாவில் இது அபராதத்தோடு முடிவதும் இல்லை. அங்கே 85 மைலைத் தாண்டுவதும், வரம்பைவிட 20 மைல் கூடுதலாகப் போவதும் பொறுப்பற்ற ஓட்டுதல் எனும் குற்ற வழக்கு. அதற்கு 12 மாதம் வரை சிறையும் 2,500 டாலர் வரை அபராதமும் விதிக்கச் சட்டம் இடம் தருகிறது. ரேடார் கண்டறியும் கருவி வைத்திருப்பதும் அம்மாநிலத்தில் சட்டவிரோதம். விசாவிலோ கிரீன் கார்டிலோ இருப்பவர்களுக்குக் குற்ற வழக்கு ஒன்று பதிவாவது குடியேற்ற விண்ணப்பங்களிலும் பதில் சொல்ல வேண்டிய செய்தியாகிவிடும். அப்படி நேர்ந்தால் இணையத்தில் தேடாமல் வழக்கறிஞரிடம் போங்கள்.

15. டிராக்கில் கார் நொறுங்கினால் இன்சூரன்ஸ் தருமா?

பெரும்பாலும் தராது என்றே வைத்துக்கொள்ளுங்கள். வழக்கமான கார்க் காப்பீட்டில் பந்தயத்துக்கும் நேரப் போட்டிக்கும் விலக்கு எழுதப்பட்டிருக்கும். தடப் பயிற்சி நாள்களுக்கென்று தனியே விற்கப்படும் காப்பீடுகளிலும் பல, நேரம் கணக்கிடும் போட்டியை ஏற்பதில்லை. ஆவணத்தை வரி வரியாகப் படித்து, ஐயம் இருந்தால் எழுத்தில் விடை பெறுங்கள். காருக்குக் கடன் பாக்கி இருந்தால், அதை இழந்தபின்னும் தவணை கட்ட முடியுமா என்று வீட்டில் எல்லாருடனும் அமர்ந்து பேசிவிட்டு முடிவெடுங்கள். பதிவுக் கட்டணமே சில ஆயிரம் டாலர். டயர், பெட்ரோல், விடுதிச் செலவு அதற்குமேல்.

16. எலக்ட்ரிக் காரில் போகலாமா?

போகலாம், போயிருக்கிறார்கள். மூன்று சுற்றுகள் என்பது மின்சாரக் காருக்கு ஓரளவு வசதியான நீளம்தான், ஆனால் பேட்டரி சூடேறினால் திறனைக் கார் தானே குறைத்துக்கொள்ளும். உண்மையான சிக்கல் இரவுப் பயணத்தில் வருகிறது. சார்ஜ் ஏற்றும் ஒவ்வொரு நிறுத்தமும் 13ஆம் கேள்வியில் பேசிய தூக்கத்திலிருந்து கழியும். தடத்துக்கு நிறைந்த பேட்டரியுடன் வந்து சேர வேண்டும் என்பதால், விடுதியிலேயே சார்ஜ் வசதி உள்ளதா என்று பார்த்துப் பதிவு செய்யுங்கள்.

17. மூன்றாம் நாள் கார் பழுதாகிவிட்டது. அத்தோடு போட்டி முடிந்ததா?

இல்லை. தவறவிட்ட ஓட்டங்களின் புள்ளிகள் போகும். ஆனால் சரிசெய்துகொண்டு அடுத்த தடத்தில் வந்து சேரலாம். பலர் அப்படிச் சேர்ந்திருக்கிறார்கள். இங்கே மற்றக் குழுக்கள் உதவிக்கு வரும் விதம் எனக்கு மிகவும் பிடித்த ஒன்று: ஒருவரிடம் ஹப் பேரிங் கழற்றும் கருவி இருக்கும், இன்னொருவர் அந்த ஊரின் உதிரிப் பாகக் கடையைத் தொலைபேசியில் பிடித்துத் தருவார், உங்கள் கார் வகையில் உங்களுக்கு நேர் எதிரியாக இருப்பவரே காருக்கடியில் படுத்திருப்பார்.

எதைச் சரிசெய்து தொடரலாம், எங்கே நிறுத்த வேண்டும் என்பதற்கு ஓர் எல்லை வேண்டும். சென்சார், ஆல்டர்நேட்டர், ரேடியேட்டர் குழாய் போன்றவை ஓர் இரவின் வேலை. எஞ்சினில் தட்டும் ஓசை, ஆயில் அழுத்தக் குறைவு, பிரேக் தட்டில் விளிம்பை எட்டிய விரிசல், ஸ்டீயரிங்கில் ஆட்டம் ஆகியவற்றில் எது இருந்தாலும் தடத்துக்குள் போகாதீர்கள். அந்த நிலையில் இழுவை வண்டியில் ஏற்றி அனுப்பினால் எவ்வளவு தூரம் வரை செலவை ஏற்பார்கள் என்பதைச் சாலை உதவித் திட்டத்தில் முன்பே கேட்டு வைத்திருங்கள். தூரத்துக்கு உச்சவரம்பு உள்ள திட்டத்தில் இருந்துகொண்டு வீட்டிலிருந்து 700 மைல் தள்ளி நின்றால், மீதித் தூரத்துக்கான கட்டணம் உங்களுடையது.